பதினாறாம் நாளுக்குப் பிறகு: இழப்பைச் சுமக்கும் பிள்ளையைப் பற்றி இளையோர் நாவல் எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

அம்மாவையோ அப்பாவையோ உடன்பிறந்தவரையோ நண்பனையோ இழந்த 13 முதல் 18 வயதுப் பிள்ளையை நடுவில் வைத்துத் தமிழில் நாவல் எழுத முயல்வோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கதைக்களம் கோலாலம்பூர் அல்லது பினாங்கு என்று வைத்துக்கொண்டோம். பேச வசதியாக ஓர் எடுத்துக்காட்டு கடைசிவரை வரும்: கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும், படிவம் 4 படிக்கும் 16 வயதுப் பெண். அம்மா இறந்துவிட்டார். அப்பா, 11 வயதுத் தம்பி, பாட்டி இருக்கிறார்கள்.

நாவலை எங்கிருந்து தொடங்குவது? இறப்பிலிருந்தா?

முதல் வரைவுகள் பல மருத்துவமனைக் கட்டிலில் தொடங்கி, சாவு வீட்டில் 60 பக்கம் தங்கி, அதன்பின் போக வழி தெரியாமல் நின்றுவிடுகின்றன. சாவு வீட்டில் எழுத நிறைய கிடைக்கிறது, அதுதான் காரணம். கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, பெட்டி, தேவாரம், ஒப்பாரி, ஓரமாக நின்று காசுக் கணக்குப் பேசும் மாமா. அங்கே எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. 16 நாளும் சடங்கு குடும்பத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது.

17ஆம் நாள் காலையை எழுதுங்கள். கூடாரம் இல்லை. சித்தி ஜொகூருக்குத் திரும்பிவிட்டார். அப்பா வேலைக்குப் போய்விட்டார். சமையலறையில் அண்டை அயலார் சாப்பாடு கொண்டுவந்த தூக்குகளும் டப்பாக்களும் கழுவிக் கவிழ்த்திருக்கின்றன. எது யாருடையது என்று அம்மாவுக்குத்தான் தெரிந்திருக்கும். அந்தப் பெண் அவற்றைத் திருப்பிக் கொடுக்க ஒவ்வொரு வீடாகப் போவதே முதல் ஐந்து அத்தியாயங்களுக்குப் போதும். இறப்பு, சாவு வீடு எல்லாம் அந்த நடையில் துண்டு துண்டாக நினைவுக்கு வரட்டும். மொத்த நாவலில் முதல் 16 நாளுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து.

எவ்வளவு நீளம்?

35,000 முதல் 42,000 சொற்கள். 1,200 முதல் 1,500 சொற்களில் 28 அல்லது 30 அத்தியாயங்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கில இளையோர் நாவல்களின் சொற்கணக்கை அப்படியே இலக்காக வைத்தால் புத்தகம் தடித்துவிடும். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளில் பலர் தமிழில் நீண்ட புத்தகம் படித்தே சில ஆண்டுகள் ஆகியிருக்கும். ஓர் அத்தியாயம் ஒரே மூச்சில் முடிய வேண்டும்.

சிறுவர் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சிறுவர் கதையில் பெரியவர் ஒருவர் வந்து ஆறுதல் சொல்லி முடித்துவைக்கலாம். இங்கே அந்தப் பிள்ளையேதான் பார்க்கவும், தவறு செய்யவும், முடிவெடுக்கவும் வேண்டும். எழுதி முடித்த ஒவ்வோர் அத்தியாயத்திலும் கடைசியாக முடிவெடுத்தவர் யார் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். தொடர்ந்து மூன்று அத்தியாயங்களில் பாட்டியோ ஆசிரியரோ என்றால் நாவல் கைமாறிவிட்டது.

இன்னொரு சரிவும் உண்டு. 50 வயதுக் குரல் தன் பதினாறைத் திரும்பிப் பார்ப்பதுபோல் எழுதினால் அது நினைவலை ஆகிவிடும். மலேசியத் தமிழ்ப் புனைவில் ரப்பர்த் தோட்டத்து நினைவு வளமான மரபுதான். ஆனால் பால்மரம் வெட்டுவதைக் கண்ணால் பார்த்திராத செந்தூல் பெண்ணின் இழப்புக்குள் அதைக் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது.

சடங்குகளில் அடிக்கடி நேரும் பிழைகள் எவை?

முதல் பிழை விறகுச் சிதை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பெரும்பாலும் மின்சுடலைதான். பெட்டிமேல் கற்பூரம் ஏற்றி உள்ளே அனுப்புகிறார்கள், கதவு மூடுகிறது, அவ்வளவுதான். தீ கொழுந்துவிட்டு எரிவதை மகள் தூரத்தில் நின்று பார்க்கும் காட்சி திரைப்படத்திலிருந்து வந்தது. கதவு மூடியதும் எல்லாரும் கார் சாவியைத் தேடத் தொடங்கும் அந்த வெறுமை இன்னும் கூர்மையானது.

இரண்டாவது, எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே சடங்கு என்று நினைப்பது. பால் தெளிப்பு, எட்டாம் நாள் படையல், பதினாறாம் நாள் கருமாதி என்ற வரிசை பரவலானது. ஆனால் நாளும் முறையும் சாதிக்கும் ஊருக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப மாறும். நாவலின் குடும்பம் எதைச் செய்கிறது என்று முதலிலேயே முடிவுசெய்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். சடங்கை நடத்துபவர் ஒன்று சொல்ல, பாட்டி “எங்க பக்கம் அப்படிக் கிடையாது” என்று மறுப்பது உண்மையான காட்சி. தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பம் என்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள், கதையில் தானாக வந்து நிற்கும். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பம் என்றால் நல்லடக்கம் அன்றைக்கோ மறுநாளோ முடிந்துவிடும். “கடைசியாக ஒருமுறை பார்க்க முடியவில்லை” என்பது அங்கே வேறு எடையோடு வரும்.

மூன்றாவது பிழை, பெண்பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பதை மறந்துவிடுவது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்ற வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் இருக்கிறது, சிலவற்றில் போய்விட்டது. 11 வயதுத் தம்பி கொள்ளி வைக்கப் போகிறான், 16 வயது அக்கா வாசலோடு நின்றுவிடுகிறாள். இதற்குப் புரட்சிப் பேச்சு எதுவும் வேண்டாம். தம்பி திரும்பி வந்ததும் “அங்க என்ன நடந்துச்சு?” என்று அவள் கேட்பதும், அவன் சொல்ல மறுப்பதும் போதும்.

தம்பியின் மொட்டைத் தலையையும் விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் மொட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது தைப்பூச நேர்த்திக்கடன். பள்ளியில் யாரோ சிரித்துக்கொண்டே “பத்துமலைக்கு வேண்டுதலா?” என்று கேட்பார்கள். அவன் ஆமாம் என்று தலையாட்டிவிடலாம்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் “போயிட்டு வரேன்” என்று சொல்வதில்லை. பெரியவர்களுக்கு இது பழக்கம். முதன்முறை பார்க்கும் பிள்ளைக்கு, வந்தவர்கள் எல்லாரும் சொல்லாமல் கொள்ளாமல் மறைவதுபோல் இருக்கும். அம்மாவும் அப்படித்தான் போனார்.

பதின்ம வயதில் துக்கம் எப்படி வெளிப்படும்? என் பாத்திரம் அழுதுகொண்டே இருக்கிறது.

அதுதான் கோளாறு. அந்த வயதில் துக்கம் விட்டுவிட்டு வரும். காலையில் தோழியோடு விழுந்து விழுந்து சிரித்த பெண், மாலையில் துணி மடிக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிடுவாள். சிரித்ததை நினைத்துக் குற்றவுணர்ச்சி வரும். அந்தக் குற்றவுணர்ச்சி அடுத்த நாள் கோபமாகத் தம்பிமேல் பாயும்.

உடம்பில் காட்டுங்கள்: தூக்கம் கெடுவது அல்லது நாள் முழுக்கத் தூங்குவது, தலைவலி, வயிற்றுவலி, படித்த பக்கத்தையே நாலு முறை படிப்பது. அம்மா புற்றுநோயில் இறந்திருந்தால் தன் உடம்பில் ஒவ்வொரு கட்டியாகத் தடவிப் பார்ப்பாள். விபத்தென்றால் அப்பா மோட்டாரில் கிளம்பிப் பத்து நிமிடம் தாமதமானாலும் போன் அடித்துக்கொண்டே இருப்பாள். “அன்னைக்கு நான் சண்டை போடாம இருந்திருந்தா” என்ற கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள், ஆகவே வாசகருக்கும் 15ஆம் அத்தியாயத்துக்கு முன் தெரிய வேண்டாம்.

இன்னொன்று, வீட்டைத் தூக்கிச் சுமக்கும் பிள்ளை. சமைக்கிறாள், தம்பியின் பள்ளிச் சீருடையைத் தேய்க்கிறாள், அப்பாவுக்கு மருந்து எடுத்துவைக்கிறாள். எல்லாரும் “எவ்வளவு பொறுப்பு!” என்கிறார்கள். இந்தப் பாத்திரத்தை எழுதுகிறவர்களே அவளைப் பாராட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அவளுக்கு அழவே நேரம் கிடைக்கவில்லை என்பதை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது தம்பியாக இருப்பது நல்லது.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை வைத்து நாவலைப் பகுக்கலாமா?

வேண்டாம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை முன்வைத்தது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான். இழந்தபின் எஞ்சியிருப்பவர்கள் ஏறும் படிக்கட்டு அது இல்லை. அதன்படி எழுதினால் ஆறாவது அத்தியாயம் வந்ததும் “இப்போது கோபம்” என்று வாசகருக்கே தெரிந்துவிடும்.

நாவலுக்கு அதிகம் உதவுவது, 1999இல் துக்க ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹென்க் சூட்டும் சொன்ன ஊசலாட்டம். துக்கப்படுகிறவர் ஒருநேரம் இழப்பின் பக்கம் திரும்புகிறார், ஒருநேரம் அன்றாடத்தின் பக்கம் திரும்புகிறார், இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கிறார். செய்முறை இதுதான்: ஒவ்வொரு காட்சியையும் ஓர் அட்டையில் எழுதுங்கள். அம்மாவின் அலமாரி, கனவு, சுடலை நினைவு எல்லாம் வெள்ளை அட்டை. பூப்பந்துப் போட்டி, கணிதப் பாடம், தோழியின் காதல் எல்லாம் மஞ்சள் அட்டை. தரையில் வரிசையாகப் பரப்புங்கள். நான்கு வெள்ளை தொடர்ந்து வந்தால் வாசகர் மூச்சு முட்டி மூடிவைப்பார். நான்கு மஞ்சள் தொடர்ந்தால் அம்மாவை நீங்களே மறந்துவிட்டீர்கள்.

ஓர் ஆண்டை எப்படி அடுக்குவது?

முதலில் எந்த ஆண்டு என்று உறுதிசெய்யுங்கள். அதைத் தவறவிட்டால் எல்லாம் தவறும். ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இலும் படிவம் 3 தேர்வான பி.டி.3 2022இலும் நிறுத்தப்பட்டன. 2023இல் நடக்கும் கதையில் படிவம் 3 மாணவி பி.டி.3க்குப் படித்தால் முதல் பக்கத்திலேயே பிள்ளைகள் சிரிப்பார்கள். 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தது, ஆகவே அது கடுமையாக இருந்த மாதங்களில் கூட்டமான சாவு வீட்டை எழுத முடியாது. பெருந்தொற்றுக்குப் பிறகு சில ஆண்டுகள் பள்ளித் தவணை மார்ச்சில் தொடங்கியது, படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் தேதியும் இடம்மாறியது. தேர்ந்தெடுத்த ஆண்டின் பள்ளி நாட்காட்டியை எடுத்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதன்மேல் குடும்ப நாட்காட்டியை வையுங்கள். முதல் ஆண்டு தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. அடுக்குமாடி முழுக்க முறுக்கு சுடும் வாசனை வருகிறது, இவர்கள் வீட்டில் மட்டும் எண்ணெய்ச்சட்டி ஏறவில்லை. விவரம் தெரியாத மலாய்த் தோழி “செலாமாட் தீபாவளி” என்று குறுஞ்செய்தி அனுப்புகிறாள், இவள் “நன்றி” என்று பதில் போடுகிறாள். கோயிலுக்குப் போகாத காலமும் வீட்டுக்கு வீடு வேறு. ஓர் ஆண்டு என்று வைக்கும் வீட்டில் தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளைத் தொலைக்காட்சியில்தான் பார்க்க வேண்டும். பினாங்கு என்றால் தண்ணீர்மலை, 513 படிகள். போன வருடம் அந்தப் படியில் அம்மா எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆண்டு முடிவில் மிகப் பெரிய வாய்ப்பு ஒன்று காத்திருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. திவசம் மாதமும் பட்சமும் திதியும் பார்த்து வரும், ஆங்கிலத் தேதியோடு பொருந்தாது. தொலைபேசியில் “ஓராண்டுக்கு முன் இதே நாளில்” என்று படம் வருவது ஒரு நாள், வீட்டில் படையல் போடுவது வேறொரு நாள். அப்பாவுக்கும் பாட்டிக்கும் திதிதான் நினைவு நாள். அவளுக்கு அந்தத் தேதிதான். அன்றைக்கு வீட்டில் யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிடுகிறார்கள். கடைசி மூன்று அத்தியாயங்களை இந்த இடைவெளியில் வையுங்கள்.

அரசாங்கத் தாள்கள் எல்லாம் இளையோர் நாவலுக்குத் தேவையா?

தேவை. துக்கம் இங்கே மலாய் மொழிப் படிவமாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. வீட்டில் இறந்திருந்தால் காவல் நிலையத்துக்குப் போய்ப் புதைக்க அல்லது எரிக்க அனுமதித்தாள் வாங்க வேண்டும். தேசியப் பதிவுத் துறையில் இறப்பைப் பதியும்போது இறந்தவரின் அடையாள அட்டையான மைகாட்டை ஒப்படைக்க வேண்டும். முகப்பில் இருப்பவர் அம்மாவின் முகம் போட்ட அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சான்றிதழைக் கொடுக்கிறார். அப்பாவுக்கு மலாய்ப் படிவம் நிரப்பத் தடுமாற்றம் என்றால் மகள்தான் கூடப் போவாள், அவள்தான் எழுதுவாள். அம்மாவின் பெயருக்கு முன்னால், மறைந்தவர் என்பதைக் காட்ட, “அல்லஹ்யார்ஹாமா” என்றா “மென்டியாங்” என்றா போடுவது என்று பேனாவோடு நிற்பாள். முஸ்லிம் அல்லாதவர்க்கு “மென்டியாங்”. பள்ளிப் பாடத்தில் அந்தச் சொல்லை அவள் படித்திருப்பாள்.

பிறகு பல மாதம் அம்மாவின் பெயருக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கும்: மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், சேமநிதி. இறந்தவரின் குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கும் காட்சி எல்லா நாவலிலும் வந்து தேய்ந்துவிட்டது. மின்கட்டணத்தில் பெயர் மாற்றப் போகிறேன் என்று அப்பா சொல்ல, மகள் வேண்டாம் என்று சண்டை போடும் காட்சி இன்னும் தேயவில்லை.

உரையாடல் எந்தத் தமிழில்?

வீட்டுக்குள் பேச்சுத்தமிழ், கதை சொல்லும் குரலில் எளிய பொதுத்தமிழ். மலாய்ச் சொல் வந்தால் அடைப்புக்குறிக்குள் பொருள் தராதீர்கள், வாசகருக்குத் தெரியும். “சிக்கு” என்றே ஆசிரியரை அழைக்கட்டும். பேச்சின் முடிவில் ஒட்டும் “லா”வை உப்பைப்போல் அளவாகப் போடுங்கள்.

இறப்பைச் சொல்லும் சொல்லில்தான் முழு கவனம் வேண்டும். நாளிதழ் அறிவிப்பில் “இறைவனடி சேர்ந்தார்”, மாமா வாயில் “தவறிட்டாங்க”, பாட்டி ஒப்பாரியில் “போயிட்டியே”, தம்பி வாயில் “செத்துட்டாங்க”. அந்தப் பெண் என்ன சொல்வாள்? தமிழில் அவளால் சொல்லவே முடியாமல் இருக்கலாம். மலாய் வகுப்பில் “இபு சாயா சுடா மெனிங்கால்”, என் அம்மா இறந்துவிட்டார், என்று தடுமாறாமல் சொல்லிவிடுவாள், இரண்டாம் மொழியில் சொன்னால் வேறு யாருக்கோ நடந்ததுபோல் இருக்கும். அதையே தமிழில் எப்போது, யாரிடம் முதலில் சொல்கிறாள் என்பதை நாவலின் உச்சமாக வைக்கலாம்.

ஆறுதல் சொல்வதும் மொழிக்கு மொழி வேறு. மலாய் அண்டைவீட்டார் “தக்சியா” என்பார். சீனத் தோழியின் அம்மா வெள்ளை உறையில் பணம் வைத்துக் கையில் அழுத்துவார். தமிழர்கள் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

பெரியவர்களை எப்படி எழுதுவது? சிலர் அப்பாவைக் கல்நெஞ்சராகக் காட்டுகிறார்கள்.

“நீ அழுதா தம்பி பயந்துடுவான்.” “இனி நீதான் இந்த வீட்டுக்கு அம்மா.” “எஸ்.பி.எம்.ல நல்லா எடுத்தா அம்மா சந்தோஷப்படுவாங்க.” இவை பாசத்தில் வரும் வாக்கியங்கள், சொல்பவரைக் கெட்டவராக்காதீர்கள். அவை வேலை செய்வது பிறகு. எந்த வாக்கியம் எந்த அத்தியாயத்தில் சொல்லப்பட்டது, எத்தனை அத்தியாயம் கழித்துக் குத்துகிறது என்று குறித்துவையுங்கள். அப்பா பேசாமல் இருப்பது அவருக்குத் தெரிந்த ஒரே துக்கமாக இருக்கலாம். அவர் இரவில் வீட்டுக்குள் வராமல் கீழே மோட்டார் மேலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதை மகள் மாடியிலிருந்து பார்க்கட்டும்.

பள்ளி ஆலோசக ஆசிரியரை வைக்கலாமா?

வைக்கலாம், அவர் எல்லாவற்றையும் தீர்க்கக் கூடாது. இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் மலாய்க்காரராக இருக்க வாய்ப்பு அதிகம், பேச்சு மலாயில் நடக்கும். சொல்வதை ரகசியமாக வைத்திருப்பார், உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் பாதுகாவலருக்குத் தெரிவிப்பார். இந்த விதிவிலக்கை முதல் சந்திப்பிலேயே அவர் சொல்வதாக எழுதுங்கள்.

தற்கொலை எண்ணத்தைத் தொடலாமா?

தொடலாம், ஒளித்து வைப்பது நல்லதல்ல. எந்த முறை, எந்த இடம், எவ்வளவு என்று மட்டும் எழுதவே கூடாது. துன்பத்தில் இருக்கும் வாசகர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். இறந்தபின் எல்லாரும் வருந்தித் திருந்துவதாகவும் காட்டக் கூடாது. அந்த எண்ணம் வந்த பாத்திரம் ஒருவரிடம் சொல்வதையும், கேட்டவர் பதறாமல் உட்கார்ந்து கேட்பதையும் முழுக் காட்சியாக எழுதுங்கள். தற்கொலை முயற்சி மலேசியாவில் 2023 முதல் குற்றமில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று மிரட்டும் காட்சியை இன்றைய கதையில் வைத்தால், உதவி தேடும் பிள்ளை பயந்து வாய் மூடிவிடும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உதவி எண்கள் இருக்கட்டும்: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒவ்வோர் எண்ணையும் அழைத்துப் பாருங்கள்.

காதல் வரலாமா?

வரலாம். அவன் அவளுடைய துக்கத்துக்கு மருந்தாக வந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

எப்படி முடிப்பது? அவள் தேறிவிட வேண்டுமா?

ஓராண்டில் துக்கம் முடிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அமெரிக்க மனநல வகைப்பாட்டில் 2022இல் நீடித்த துக்கம் ஒரு தனிக் கோளாறாகச் சேர்க்கப்பட்டபோது, பிள்ளைகளுக்கு 6 மாதம், பெரியவர்களுக்கு 12 மாதம் என்று கணக்கு வைத்தார்கள். அதுவும் அன்றாட வாழ்வை முடக்கும் அளவுக்கு இருந்தால்தான். மருத்துவர் பார்க்க வேண்டிய கணக்கு அது. பாத்திரத்துக்கு நோய்ப்பெயர் சூட்ட அதை எடுக்காதீர்கள்.

இறந்தவரோடு உள்ள உறவு அறுந்துவிடுவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்று மேற்கத்திய ஆய்வாளர்கள் 1990களில் விரிவாக எழுதினார்கள். படையல் போடும் நம் வீடுகளுக்கு இது புதிதில்லை. எட்டாம் நாள் படையலில் பெரியவர்கள் அம்மாவுக்குப் பிடித்தது என்று வடை பாயசம் வைத்தார்கள். அவளுக்குத் தெரியும், அம்மாவுக்குப் பிடித்தது இரவுச் சந்தையில் வாங்கும் அப்பம் பாலிக். ஆண்டு முடிவில் அவள் அதை வாங்கிவந்து இலையோரத்தில் வைக்கிறாள், பாட்டி பார்த்துவிட்டுத் தடுக்கவில்லை. இந்த அளவு நகர்வு போதும்.

இழப்பில் இருக்கும் பிள்ளையிடமே கைப்பிரதியைக் கொடுத்துக் கருத்துக் கேட்கலாமா?

இழப்பு நேர்ந்த முதல் ஆண்டில் வேண்டாம். அதற்குப் பிறகும் வீட்டுப் பெரியவரின் சம்மதத்தோடு, கதையில் யார் எப்படி இறக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள். முழுப் பிரதி வேண்டாம், பத்து அத்தியாயம் போதும். பாதியில் நிறுத்திவிட்டால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய் என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.